கோட்டும் நானும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அக்கா என்னை அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "வைத்தியம் கதைக்கக்கூடாது. போன வருடம் ஒரு டொக்டர் சீனி வருத்தம் பற்றிக் கதைத்த பிறகு ஒருத்தரும் கேக்கைத் தொடவில்லை" என்றார். சரி என்று ‘கோட்டும் நானும்’ என்று தலைப்புக் கொடுத்தேன். இன்று காலை வாசலில் என்னைக் கண்ட வகுப்புத் தோழி ஒருத்தி, "வெள்ளைக் கோட்டைப் பற்றித்தானே?" என்று கேட்டுவிட்டாள். இல்லை. இது கிற்றாரில் பிடிக்கிற கோட். பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் சுரக்கூட்டு. நான் பழகியது அதிலும் கொஞ்சம் சிக்கலான வகை, ஜாஸ் இசைக்காரர் கையாளும் நீட்டிய கோட்கள். 42 வயதில் தொடங்கினேன். ஏன் தொடங்கினேன் என்பதைச் சொல்லும்போது வைத்தியம் கொஞ்சம் வந்துவிடும். செயலாளர் அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் படித்த காலத்தில் கோவில் பாடகர் குழுக்களில் கிற்றார் ஆண்பிள்ளைகளின் கையில்தான் இருக்கும். பெண்பிள்ளைகள் பாடுவோம். யாரும் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. யாரும் எடுத்து நீட்டியதாகவும் நினைவில்லை. அந்தப் பெடியன்களுக்குத் தெரிந்தது மூன்று கோட்: சீ, எஃப், ஜீ. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நத்தார், உயிர்ப்பு, திருவிழா என்று வருடம் முழுவதையும் ஓட்டிவிடுவார்கள். என் தம்பியும் அவர்களில் ஒருவன். அவன் பிரான்சுக்குப் போனபோது கிற்றாரைக் கீரி வீட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனான். பல வருடம் அது அங்கேயே கிடந்தது. நம் தீவின் உப்புக்காற்று இரும்புத் தந்திகளை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் எடுத்துத் துடைத்தபோது ஆறு தந்தியும் மண்ணிறமாகி, தொட்ட விரலில் துரு ஒட்டியது.

2021 டிசம்பரில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலக்கை விழுந்தது, பேச்சும் போனது. நாங்கள் சொல்வது அவருக்கு ஓரளவு விளங்கும். பதில் சொல்ல வராது. அபேசியா என்று புத்தகங்களில் படித்து, எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். அம்மாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "ஓம்". தேத்தண்ணி வேணுமா, ஓம். கால் நோகுதா, ஓம். நான் ஆர் என்று தெரியுதா, ஓம். என் பெயரைச் சொல்லுங்கோ அம்மா என்றால் உதடு அசையும், கண் நிறையும், கடைசியில் அதற்கும் "ஓம்".

அடுத்த வருடத் தவக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 மார்ச். மின்வெட்டு, பெற்றோல் வரிசை. விடுமுறையில் வீட்டுக்கு வந்த நான் திரும்பிப் போக எரிபொருள் இல்லாமல் கீரியிலேயே கூடுதலாகச் சில நாள் நின்றேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இருட்டில், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்து வியாகுலப் பிரசங்கம் படித்தார்கள்.

அதை அறியாத சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். யேசுவின் பாடுகளைத் தவக்காலத்தில் இராகம் போட்டு வாசிப்பதும், இடையிடையே ஒப்பாரி பாடுவதும் எங்கள் ஊர்களின் பழைய வழக்கம். அந்த நூலைத் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1676இல் கோவாவில் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதி, 1742இல் இந்த நாட்டிலேயே கண்மூடியவர். எழுத்து ஒன்றுதான், மெட்டு ஊருக்கு ஊர் வேறுபடும். பேசாலைக்காரரும் வங்காலைக்காரரும் இதில் ஒருபோதும் ஒத்துப்போக மாட்டீர்கள், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. எங்கள் அம்மாவுக்கு அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்த ஒரு மெட்டு இருந்தது. 1990இல் இடம்பெயர்ந்து மடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்திலும் அதைத்தான் பாடினார்.

அந்த இரவில் பெண்கள் ஒப்பாரி தொடங்க, சுவரோடு சாய்ந்திருந்த அம்மாவும் பாடத் தொடங்கினார். வெறும் முணுமுணுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால் சொல். முழுச்சொல், அடுக்கடுக்காக. மூன்று மாதமாக "ஓம்" தவிர ஒன்றும் சொல்லாத வாய்.

இது அற்புதம் அல்ல. பேச்சைப் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் நடத்துகிறது, இராகத்துக்கு வலப்பக்கத்தின் உதவியும் உண்டு. பேச முடியாதவர் சிலர் பழகிய பாட்டைச் சொல்லோடு பாடுவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். 1973இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் இதை ஒரு சிகிச்சை முறையாகவே எழுதினார்கள். அன்றாட வசனங்களை இராகத்தில் ஏற்றி, நோயாளியின் இடக்கையால் தாளம் தட்டவைத்து, மெல்ல மெல்லப் பேச்சுப் பக்கம் நகர்த்துவது. எல்லோருக்கும் இது பலிக்காது. உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நிலை என்றால் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் போங்கள், என்னிடம் கிற்றார் கேட்டு வராதீர்கள். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். ஆனால் அன்று இருட்டில் நான் வைத்தியராக இருக்கவில்லை.

அடுத்த நாளே தம்பியின் கிற்றாரை இறக்கினேன். புதுத் தந்தி மன்னார் டவுனில் கிடைக்காமல், கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. தம்பி வீடியோவில் அந்த மூன்று கோட்டையும் காட்டினான். ஒரு வாரத்தில் விரல் நுனி காய்த்துவிட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மெட்டுக்கு வாசிக்கத் தொடங்கினேன்.

அங்கேதான் பிழைத்தது. அம்மாவின் மெட்டு ஒவ்வொரு அடியின் முடிவிலும் ச வில் வந்து இறங்காது. ரி யில் நின்று, நீண்டு, கரையும். நான் வாசித்த சீ கோட்டில் இருப்பதோ ச, க, ப. மூன்றுக்கும் நடுவே அம்மாவின் ரி தனியாக, இடம் தெரியாமல் நுழைந்தவர் போல ஒலித்தது. அம்மா பாட்டை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். தான் பிழைவிட்டதாக நினைத்துவிட்டார். பேச்சை இழந்தவர்கள் அப்படித்தான், பிழை என்று ஒருமுறை பட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டு நாள் அம்மா பாடவே இல்லை.

பிழை அவருடையதல்ல, என்னுடையது என்று தெரிந்தது. எப்படித் திருத்துவது என்றுதான் தெரியவில்லை. என் சக வைத்தியை ஒருவரின் மாமனார் நீர்கொழும்பில் இருக்கிறார். முன்பு ஹோட்டல் வாத்தியக் குழுக்களில் கிற்றார் வாசித்தவர், வயது 70க்கு மேல். அவரிடம் தொலைபேசியில் மெட்டைப் பாடிக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "டொக்டர், உங்கள் அம்மா ஒன்பதில் நிற்கிறார். உங்கள் கோட்டில் ஒன்பதுக்குக் கதிரை இல்லை" என்றார்.

ஒன்பது என்றால் என்ன? சங்கீத ரீச்சரிடம் நாம் படித்த ச ரி க ம வை வைத்தே சொல்லிவிடலாம். ச வில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள்: ச, க, ப. சாதாரண கோட் அவ்வளவுதான். அங்கே நில்லாமல் மேலே போனால் நி. அது ஏழாம் சுரம். இன்னும் மேலே போனால் மேல் ஸ்தாயி ரி. ச வை 1 என்று எண்ணிக்கொண்டு போனால் அது 9. பிறகு மேல் ம, 11. மேல் த, 13. அதற்கு மேல் போனால் மறுபடியும் ச. ஆக, ஒன்றுவிட்டு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் ஏழு சுரமும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடும். ஜாஸ்காரர் 9, 11, 13 என்று சொல்வதெல்லாம் இதுதான். பெயர்தான் பயமுறுத்தும்.

கிற்றாரில் ஆறு தந்தி. இடக்கையில் தந்தியை அழுத்த நான்கு விரல். சுரம் ஏழு. எல்லோரையும் கூப்பிட முடியாது. யாரை விடுவது என்பதுதான் பாடமே. முதலில் விடுவது ப. அது பலம் கொடுக்கும், செய்தி எதுவும் சொல்லாது. பக்கத்தில் பேஸ் வாத்தியம் இருந்தால் ச வையும் விடலாம், அவர் பார்த்துக்கொள்வார். க வையும் நி யையும் மட்டும் சுலபத்தில் விடக்கூடாது. மேஜரா மைனரா என்று சொல்வது க, கோட்டின் குணத்தைச் சொல்வது நி. கவுண்ட் பேசியின் வாத்தியக் குழுவில் ஃபிரெடி கிறீன் என்று ஒருவர் 1937இல் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை கிற்றார் வாசித்தார். அத்தனை பெரிய குழுவுக்கு நடுவே அவர் பிடித்தது மூன்று சுரக் கோட்கள். சிலவேளை அதிலும் ஒன்றுதான் கேட்கும். என் கை சின்னது என்று நான் முறைப்பட்டபோது நீர்கொழும்புக்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் படத்தை அனுப்பினார். 1928இல் வண்டிவீட்டில் பிடித்த தீயில் இடக்கையின் இரண்டு விரல் செயலிழந்த பிறகு, மிஞ்சிய விரல்களால் உலகப்புகழ் பெற்றவர். அதன் பிறகு நான் கையைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவர் சொல்லித்தந்த முதல் மூன்று கோட்டை இங்கே சொல்கிறேன். வீட்டில் கிற்றார் இருப்பவர்கள் இன்றிரவே பிடித்துப் பார்க்கலாம். தடித்த தந்தியை ஆறாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி மைனர் 9: ஐந்தாம் தந்தியில் 5ஆம் கட்டம், நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 5, இரண்டாம் தந்தியில் 5. மற்ற இரண்டும் ஒலிக்கக்கூடாது.

அடுத்தது ஜீ 13. அடித்தளச் சுரம் ஆறாம் தந்தியின் 3ஆம் கட்டத்துக்குப் போகும், ஐந்தாம் தந்தி மௌனம். நான்காம் தந்தியின் 3 அப்படியே. இரண்டாம் தந்தியின் 5 அப்படியே. மூன்றாம் தந்தியில் மட்டும் 5இலிருந்து 4க்கு, ஒரே கட்டம் இறக்கம். கோட்டின் பெயர் முழுதாக மாறிவிட்டது. மேல் மூன்று தந்தியில் அசைந்ததோ ஒரு சுரம்.

பிறகு சீ மேஜர் 9: அடித்தளம் ஐந்தாம் தந்தியின் 3, நான்காம் தந்தியில் 2, மூன்றாம் தந்தியின் 4 இருந்த இடத்திலேயே, இரண்டாம் தந்தியில் 3. அந்த இரண்டாம் தந்தியில் ஒலிக்கிறதே, அதுதான் ரி. அம்மா நிற்கும் ரி. கோட்டின் உச்சியில், அவருக்கென்று போட்ட கதிரையில்.

எழுதினால் மூன்று வரி. எனக்குச் சுத்தமாக மாற்ற வர ஏழு வாரம் பிடித்தது. மின்சாரம் போனால் இணையமும் போகும், பாடம் பாதியில் அறுந்துவிடும். பெற்றோல் கிடைத்ததும் நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன், கிற்றாரும் கூடவே வந்தது. இரவுக் கடமை முடிந்து விடுதியில் பழகினேன். பக்கத்து அறை டொக்டர் ஒருநாள் கதவைத் தட்டி, "அக்கா, அந்தக் கடைசிக் கோட்டுக்கு எப்போதுதான் போவீர்கள்?" என்று கேட்டார். பாவம்.

பழகப் பழக, இது எங்களுக்கு அந்நியமான சங்கதி அல்ல என்றும் தெரிந்தது. பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுக்களில் ஜாஸ் தெரிந்த கோவாக்காரர் ஏராளம். கோவா வழிவந்த அமான்சியோ டி சில்வா பம்பாயில் பிறந்து, 1967இல் லண்டன் போய், இந்திய இராகத்தையும் ஜாஸையும் ஒரே கிற்றாரில் இணைத்தார். பெங்களூரில் பிறந்த கார்ல்டன் கிட்டோ இசைத்தட்டுக் கேட்டுக் கேட்டே பழகி, 2016இல் மறையும்வரை கல்கத்தாவில் வாசித்தார், கற்பித்தார். இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றதும், கிற்றாரில் டிரினிட்டி கல்லூரிப் பரீட்சை எழுதியதும் நீங்கள் அறிந்தது. 1997இல் ‘இருவர்’ படத்தில் ரஹ்மான் ஆஷா போஸ்லேயைக்கொண்டு பாடுவித்த ‘வெண்ணிலா வெண்ணிலா’ என் உயர்தரக் காலத்துப் பாட்டு. அது ஏன் மற்றப் பாட்டுகள் மாதிரி இல்லை என்று அன்று ஒரு தோழியோடு வாதாடியிருக்கிறேன். இன்று அவள் ஐந்தாம் வரிசையில் இருக்கிறாள். ஜாஸ் கோட்தான் காரணம். 27 வருடம் பிந்திய பதில். கோவாவிலிருந்து ஓர் அடிகளார் எங்களுக்கு ஒப்பாரி கொண்டுவந்தார், வேறு கோவாக்காரர் சினிமாவுக்கு இந்தக் கோட்களைக் கொண்டுபோனார்கள் என்று நினைக்க எனக்கு ஒரு சந்தோஷம். அதற்கு மேல் அதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை.

ஜூன் மாதம் கீரிக்கு வந்தேன். அம்மாவின் குரலுக்குச் சீ பொருந்தாது. கழுத்தில் கப்போ மாட்டி, அவர் குரல் இருக்கும் இடத்துக்குக் கிற்றாரைக் கொண்டுபோனேன். அடியின் முடிவில் அவர் ரி யில் நின்றார். நான் மேஜர் 9க்கு வந்தேன். இந்த முறை நிறுத்தவில்லை. அடுத்த அடிக்குப் போனார், அதற்கடுத்த அடிக்கும் போனார். அம்மாவின் நல்ல கை என் முழங்காலில் தாளம் தட்டியது.

இந்தக் கோட்கள் எல்லாவற்றையும் மன்னிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது ஒப்பாரியில் அம்மா ம வில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மேஜர் கோட்டில் க இருக்கிறது. க வுக்கும் ம வுக்கும் அரைச்சுரம்தான் தூரம், இரண்டும் உரசும், காது கூசும். ஜாஸ்காரர் இதற்கு ம வைக் கூட்டிப் பிரதி மத்திமம் ஆக்கிவிடுவார்கள். அம்மாவின் ம வை நான் கூட்ட முடியுமா? 300 வருட மெட்டில் கை வைத்தால் பக்கத்து வீட்டார் விடுவார்களா? நீர்கொழும்புக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னது சுருக்கம்: அம்மாவை நகர்த்தாதீர்கள், கீழே இருக்கும் கோட்டை நகர்த்துங்கள். ம வருவதற்கு ஒரு கணம் முன்பே டி மைனர் 9க்குப் போனால், அங்கே அதே ம மூன்றாம் சுரம், உரிமைக்காரர். ஆகவே அம்மா எங்கே போகப் போகிறார் என்று முகத்தைப் பார்த்தபடி வாசிக்க வேண்டும். என் சேவைக்காலத்தில் நோயாளி ஒருவரின் வாயை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

பிறகு சிகிச்சையாளர் சொன்னபடி அன்றாட வசனங்களை அந்த மெட்டில் ஏற்றினோம். முதலில் வந்தது "தேத்தண்ணி வேணும்". ஒப்பாரி மெட்டிலேயே வந்தது. ரி யில் நின்று, நீண்டு, கரைந்து. ஒரு பின்னேரம் வேலிக்கு அப்பால் நின்ற மாமி ஒருத்தி வீட்டில் துக்கம் என்று நினைத்து ஓடிவந்துவிட்டார். வந்தவருக்கும் தேத்தண்ணி ஊற்றினோம். அம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. ஓகஸ்டில் "கால் நோகுது" வந்தது. "லைட்டை நிப்பாட்டு" வந்தது. என் பெயர் அடுத்த வருடப் பொங்கலுக்குத்தான் வந்தது. பாட்டில்லை, இராகமில்லை, அடுப்படியில் நின்ற என்னைக் கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டார். வீட்டில் கூப்பிடும் பெயர். அதை மட்டும் இந்த மேடையில் சொல்ல மாட்டேன்.

2023 தவக்காலத்தில் அம்மா எங்களோடு முழுதாக இருந்தார். அந்த வருடம் நவம்பரில், இரண்டாவது பாரிசவாதத்தில், கண்மூடினார். எட்டாம் நாள் இரவு பெண்கள் வந்து அவருடைய மெட்டையே பாடினார்கள். நான் கிற்றாரை எடுக்கவில்லை. பார்த்தபடி வாசிக்க எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

இன்றைக்கு எடுத்து வந்திருக்கிறேன். மண்டபத்தின் கடற்காற்றில் முதல் தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பொறுங்கள், கூட்டிக்கொள்கிறேன். ஒப்பாரி தெரிந்தவர்கள் பின்வரிசைகளில் இருக்கிறீர்கள் என்று தெரியும். பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, எந்த ஊர் மெட்டு என்றாலும் சரி. கோட்டைப் பார்த்துப் பாட வேண்டாம். நீங்கள் தொடங்குங்கள், நான் முகத்தைப் பார்த்து வருகிறேன்.